எப்படி வலிக்குது, சொல்லுங்க

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசகர் வட்டத்து நண்பர்கள் என்னைப் பேச அழைத்தபோது 'நம்பிக்கையே மருந்து' என்று ஒரு தலைப்பைச் சொன்னார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து இரண்டு ஆண்டு ஆன ஒருத்தி மேடையேறினால் எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தான். நான் தலைப்பை மாற்றித் தரச் சொன்னேன். நம்பிக்கை எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் சிகிச்சை நடந்த அந்த ஒன்பது மாதத்தைத் திரும்பிப் பார்த்தால் வேறொன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு வலியைச் சொல்லத் தெரியவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் தமிழாசிரியையாக இருந்தவள், என் உடம்பில் நடப்பதைச் சொல்ல வாய் திறக்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு காலை நேரம். சிகிச்சையின் இரண்டாம் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பால் வாங்கிக்கொண்டு தெருவில் வருகிறேன். பின்னாலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, "பாட்டி, உங்க செருப்பு அங்கேயே கெடக்கு" என்று நீட்டினான். குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. அது கழன்றது எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலால் தார்ச்சாலையில் முப்பது நாற்பது அடி நடந்திருக்கிறேன், அதுவும் தெரியவில்லை.

அப்போது எனக்கு வாரம் ஒருமுறை ஏற்றிக்கொண்டிருந்த மருந்தின் பெயர் பக்லிடாக்சல். அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து முதலில் எடுத்த மருந்து. மார்பகப் புற்றுநோய்க்கு மிகவும் பயன்படுவது. அது கை கால் நரம்புகளின் நுனியைத் தாக்கக்கூடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான்காவது வாரத்திலேயே என் கால்விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு மதமதப்பு. பிறகு ராத்திரியில் எரிச்சல். வாராவாரம் டாக்டர் கேட்பார், "கை கால்ல ஏதாவது பண்ணுதாம்மா?" வாராவாரம் நான் சொன்ன பதில், "பரவாயில்லை டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்ற பயம். செருப்புச் சம்பவத்துக்குப் பிறகு, ஒன்பதாவது வாரம், உண்மையைச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "நாலாவது வாரமே சொல்லியிருந்தா அளவைக் கொஞ்சம் குறைச்சிருப்பேன். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பேன். வேற மருந்துக்கு மாத்தவும் வழி இருந்தது. எதைச் செஞ்சாலும் உங்க சிகிச்சை கெட்டுப்போயிருக்காது" என்றார். அந்த மதமதப்பு இன்னும் என் காலில் இருக்கிறது. ஐந்து வாரம் நான் சொன்ன 'பரவாயில்லை'க்கு அதில் எத்தனை பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பங்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், என் அம்மாவிடமிருந்து. 1988-இல் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். கண்டுபிடித்தபோது முற்றியிருந்தது. கடைசி இரண்டு மாதம் வீட்டில்தான் இருந்தார். வலி வரும்போது முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். சத்தம் வெளியே வராது. வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும், "என்ன பொறுமை! பூமாதேவிதான்" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது நெஞ்சு அடைக்கிறது. நாங்கள் பாராட்டப் பாராட்ட அவர் வாய்க்குள் துணி இன்னும் உள்ளே போனது. "ரொம்ப வலிக்குதாம்மா" என்று நாங்கள் ஒருவரும் உட்கார்ந்து கேட்கவில்லை. கேட்டாலும் கொடுப்பதற்கு ஊரில் மருந்து இல்லை.

பொறுமையைப் பற்றி எனக்கு எதிர்க்கருத்து கிடையாது. காத்திருப்புக் கூடத்தில் மூன்று மணி நேரம் உட்காரப் பொறுமை வேண்டும். முடி கொட்டி மறுபடி முளைக்கக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். ஆனால் மருந்து இருக்கிற வலியை மறைத்துவைப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தால், நான் அதை ஏற்கமாட்டேன்.

என் வாயைத் திறக்கவைத்தவர் ஒரு செவிலியர். வார்டில் எல்லோரும் 'சிஸ்டர்' என்போம், நானும் அப்படியே சொல்கிறேன். கீமோ வார்டில் வழக்கமாக ஒரு கேள்வி உண்டு: "பத்துக்கு எத்தனை வலி?" வலியே இல்லை என்றால் சுழியம், தாங்கவே முடியாதது என்றால் பத்து. நல்ல கேள்விதான். நேற்று ஏழு, இன்று நான்கு என்றால் மருந்து வேலை செய்கிறது என்று தெரியும். ஆனால் எண் சொல்ல எல்லோருக்கும் வராது. எனக்கு அடுத்த கட்டிலில் ஓர் அம்மா இருந்தார். கரிசல் பக்கத்து ஊர், காடுகரையில் உழைத்த உடம்பு. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் விழிப்பார். சிஸ்டர் கேள்வியை மாற்றினார். "ஆத்தா, முழு வலி ஒரு ரூபான்னு வச்சுக்க. இப்ப எவ்வளவு?" உடனே பதில் வந்தது: "முக்கா ரூபா இருக்கும் தாயி. காலையில எட்டணாதான் இருந்துச்சு."

பிறகு அந்த சிஸ்டர் என் கட்டிலுக்கு வந்தார். "எத்தனைன்னு அப்புறம் சொல்லுங்க டீச்சர். எப்படி வலிக்குது, அதைச் சொல்லுங்க. குத்துதா, எரியுதா, குடையுதா, இழுக்குதா?"

அந்த நான்கு சொல்லையும் கேட்டதும் எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. நம் மொழியில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல், கடுப்பு, பிடிப்பு, இசிவு, பிசைதல், காந்தல். சுளீர் என்கிறோம், சுருக் என்கிறோம், விண்விண் என்று தெறிக்கிறது என்கிறோம், நமநம என்கிறோம். நம் பாட்டிகள் இதில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போடமாட்டார்கள். மூட்டில் குடையும், வயிற்றில் பிசையும், கட்டியில் தெறிக்கும், தேள் கொட்டினால் கடுக்கும். இத்தனையும் கையில் இருந்தும், மருத்துவமனை வாசலைத் தாண்டியவுடன் நாம் 'பெயின்' என்ற ஒரே சொல்லுக்குச் சுருங்கிவிடுகிறோம்.

வலிச் சொற்களை ஆராய்ச்சிக்கே எடுத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் இருந்தார். வலி மூளைக்குப் போகும் வழியில் முதுகுத்தண்டில் ஒரு கதவுபோன்ற ஏற்பாடு இருக்கிறது, அது திறக்கவும் செய்யும் மூடவும் செய்யும் என்ற கருத்தை பாட்ரிக் வால் என்பவருடன் சேர்ந்து 1965-இல் வெளியிட்டவர். அவர் செய்த இன்னொரு வேலைதான் என்னைப்போன்ற மொழியாசிரியருக்கு நெருக்கமானது. நோயாளிகள் தங்கள் வலியைச் சொல்லும்போது என்னென்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று சேர்த்தார், வகை பிரித்தார். 1975-இல் 78 சொற்களை 20 குழுக்களாக அடுக்கி ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொற்களை வைத்தே இது எந்த மாதிரி வலி என்று ஓரளவு பிரிக்க முடிகிறது என்பதுதான் அதன் அடிப்படை. அவர் ஆங்கிலத்தில் சேர்த்த பட்டியலை வாசித்தபோது, இது நம் திண்ணையில் கிடைக்கிற சரக்காயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றியது.

சொல் சரியாக விழுந்தால் மருந்து சரியாக விழுகிறது. இதை நான் என் உடம்பிலும் பக்கத்துக் கட்டில்களிலும் பார்த்தேன். எரிகிறது, ஊசியால் குத்துகிறது, ஷாக் அடிக்கிறது, மதமதவென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் நரம்பின் வலி. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏற்றியவர்கள் ஃபிரிட்ஜுக்குள் கை விட்டாலே ஷாக் அடித்ததுபோலத் துள்ளுவார்கள், குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இழுத்துப் பிடிக்கும். நரம்பு வலிக்கு வழக்கமான வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் என்று வந்த சில மாத்திரைகள்தான் கேட்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இணையத்தில் தேடி, "இது மனநோய்க்கான மாத்திரை" என்று பயந்து தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து எறியாதீர்கள். எதற்காகக் கொடுத்தீர்கள் என்று திரும்பப் போய்க் கேளுங்கள்.

இடுப்பிலும் முதுகெலும்பிலும் குடைகிறது என்றால், வெள்ளை அணுக்களை ஏற்றப் போடும் ஊசியினால் இருக்கலாம். 'கவுண்ட் ஏற ஊசி' என்போமே, அது எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிடுவதால் வரும் குடைச்சல். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். அது தெரியாதவர்கள் நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பார்கள். நானும் ஒரு ராத்திரி அப்படிக் கிடந்தேன். மார்பில் அறுவை செய்த இடத்தில் 'இழுக்கிறது' என்றால் தழும்பும் தசையும் இறுகுகிற வலி, அதற்குக் கையைத் தூக்கிப் பயிற்சி செய்யவேண்டும். ஊசி போட்ட இடமோ தையலோ விண்விண் என்று தெறித்தால் அன்றைக்கே காட்டவேண்டும், உள்ளே சீழ் பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். சொல்லைக் கொண்டு நாமே நோயை முடிவுசெய்யக் கூடாது. டாக்டர் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று கைகாட்ட அந்தச் சொல் உதவும்.

வாய்க்குள்ளேயே நோய் என்றால் சொல்லவும் முடியாது. கதிர்வீச்சுக்கு, நம் மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அதற்கு வந்த ஒருவர் லாரி ஓட்டுநர். வாய்ப் புற்றுநோய். மூன்றாவது வாரத்தில் நாக்கிலும் கன்னத்து உட்புறத்திலும் புண். எச்சிலை விழுங்க முடியாது. அவர் மகளின் பள்ளிக்கூடச் சிலேட்டை மடியில் வைத்திருப்பார். 'எரியுது'. அழித்துவிட்டு, 'காதுக்குள்ள தெறிக்குது'. அந்த இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றினார். சாப்பாட்டுக்கு முன் வாயை மரத்துப்போகச் செய்யும் ஜெல் கொடுத்தார்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து நாளைக்குப் பல முறை கொப்பளிக்கச் சொன்னார்கள். பெரிய மருந்து எதுவும் இல்லை, ஆனாலும் அந்த மனிதர் நான்காவது நாள் கஞ்சி குடித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி மார்ஃபினைப் பற்றி. இந்தப் பெயரைக் கேட்டாலே நம் வீடுகளில் முகம் மாறும். "அதைக் கொடுத்துட்டாங்களா? அப்ப முடிஞ்சுதா?" என்பார்கள். இல்லையென்றால், "பழகிடுமே" என்பார்கள்.

சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் கதையை இங்கே சொல்லவேண்டும். முதலில் செவிலியர். முதுகு வலியினால் அந்த வேலையை விட்டார், மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். முற்றிய நோயாளிகளின் வலியைப் பற்றி மருத்துவ உலகம் அக்கறைப்படவேண்டும் என்றால் தானே மருத்துவராக வேண்டும் என்று புரிந்துகொண்டு, கிட்டத்தட்ட நாற்பது வயதில், 1957-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். நோயாளிகள் பேசுவதை ஒலிநாடாவில் பதிவுசெய்து கேட்டவர் அவர். லண்டனில் செயின்ட் லூக் என்ற இல்லத்தில் செவிலியர்கள் கடிகாரம் பார்த்து, வலி திரும்பி வருவதற்கு முன்பே அடுத்த வேளை மருந்தைக் கொடுப்பதைக் கவனித்தார். அதுவே அவர் முறையாயிற்று. வலி உச்சிக்கு ஏறிய பிறகு அடக்க நிறைய மருந்து வேண்டும், ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளக் குறைவாகவே போதும். நாம் செய்வது இதற்கு நேர்மாறு. தாங்க முடிகிறவரை தாங்கிப்பார்த்து, முடியாதபோது மாத்திரையைத் தேடுகிறோம். 1986-இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வழிகாட்டி வெளியிட்டபோதும் அதைத்தான் சொன்னது: முடிந்தவரை வாய்வழி மருந்து, நேரம் தவறாமல், படிப்படியாக. முதற்படி பாரசிட்டமால் போன்றவை, கடைசிப் படி மார்ஃபின்.

வலிக்காக, மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபினுக்குப் பெரும்பாலானவர்கள் அடிமையாவதில்லை. வலியின் காரணம் குறைந்ததும் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும், அதனால் கூடவே மலமிளக்கி மருந்தும் கொடுப்பார்கள். அதை விடாமல் சாப்பிடவேண்டும். வார்டில் மார்ஃபின் எடுத்துக்கொண்டவர்களில் பலர் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள். அது சாவின் அறிவிப்பு என்று நினைப்பது தவறு.

நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியில் விளைகிறதோ, அந்தச் செடியின் காயிலிருந்து வடியும் பாலில்தான் மார்ஃபின் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அதைப் பயிரிடுகிறார்கள், வெளிநாட்டு மருந்துத் தொழிலுக்கும் இங்கிருந்து போகிறது. விளைந்த நாட்டிலேயே நோயாளிக்கு அது கிடைக்காமல் இருந்தது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின்கீழ் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன. ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். பலர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். என் அம்மா முந்தானையைக் கடித்த 1988 அந்தக் காலம்தான். கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலிநிவாரண அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். தெருத்தெருவாகத் தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள், சட்டத்தை மாற்ற ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். 2014-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, உரிம நடைமுறையை எளிதாக்கியது. இதற்காக அலைந்தவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் அம்மா சார்பில் அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். கீமோ நடக்கும் காலத்தில் உடம்பு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக்கசிவை உண்டாக்கும். பாரசிட்டமால்கூட, போடுவதற்கு முன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கவுண்ட் இறங்கிக் கிடக்கும் உடம்பில் காய்ச்சல் ஒன்றுதான் கிருமி நுழைந்ததற்கு அடையாளமாக இருக்கும், மாத்திரை அதை மறைத்துவிடும்.

இப்போது அசதி. வலியைப் பற்றியாவது நாலு பேர் கேட்பார்கள். அசதியை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. எனக்கோ வலியைவிட அதுதான் பெரிய பாடு.

களைப்பு வேறு, அசதி வேறு. நாள் முழுக்க நாற்று நட்டவளுக்கு வருவது களைப்பு. அதற்குக் காரணம் உண்டு, படுத்தால் போய்விடும், அதில் ஒரு சுகம்கூட உண்டு. சிகிச்சையில் வருவது அப்படி இல்லை. பத்து மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடம்பை அடித்துப்போட்டதுபோல இருக்கும். சீப்பை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோவதற்குள் கை ஓய்ந்துவிடும். தலையில் முடியே இல்லாத காலத்தில் அந்தக் கவலை இல்லை, ஆனால் சோற்றுக் கரண்டியும் அதே கைதானே. மூளைக்கும் அசதி வரும். ஒருநாள் மாவு சலிக்க எழுந்தேன், 'சல்லடை' என்ற சொல் வரவில்லை. அடுப்படியில் நின்றபடி, "அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே" என்று கைகளை வட்டமாகக் காட்டினேன். சொற்களோடு வாழ்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்று என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. மெல்ல மெல்லச் சொற்கள் திரும்பி வந்தன.

அசதிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று நோட்டுப் புத்தகம் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. கோடு போட்ட சாதாரண நோட்டு. தேதி, எப்படி வலித்தது, எப்போது அசந்தது, எத்தனை மணி தூக்கம், அவ்வளவுதான். முதல் கட்டத்தில் எனக்கு 21 நாளைக்கு ஒருமுறை சிவப்பு நிறத்தில் இருக்கும் கீமோ மருந்து ஏறும். ஏற்றிய அன்று ராத்திரி தூக்கமே வராது, பரபரவென்று இருக்கும். கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டின் வேலை அது. அந்தப் பரபரப்பை நம்பி அலமாரியை ஒழுங்குபண்ணினால் தொலைந்தோம். மூன்றாம் நாள் ஸ்டீராய்டு இறங்கியதும் அப்படியே சரிந்துவிடும். ஏழெட்டு நாள் கிடை. மூன்றாம் வாரம் நிமிர்வோம், உடனே அடுத்த தவணை. இரண்டு முறை எழுதியதுமே மூன்றாவது முறை எந்த நாள் சரியும் என்று தெரிந்துவிட்டது. சரியும் நாளுக்குச் சமையலுக்கு ஆள் சொன்னேன், நிமிரும் நாளில் பேரனைப் பார்க்கப் போனேன். கதிர்வீச்சு இன்னொரு மாதிரி. எனக்கு 15 நாள் வைத்தார்கள். உள்ளே படுத்திருப்பது சில நிமிடம்தான், போய்வருவதுதான் அரை நாள். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அசதி போகப்போக ஏறும், கடைசி நாளுக்குப் பிறகும் சில வாரம் இருக்கும். 'எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் எழ முடியவில்லை' என்று கலங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அது அப்படித்தான் இறங்கும்.

அசதி என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தசோகையா, தைராய்டா, தூக்கம் கெட்டதா, வலி சரியாக அடங்கவில்லையா, மனம் ஒடிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. இவை எதுவும் இல்லாமலும் அசதி இருக்கும். அதற்கு இதுவரை நன்றாகச் சோதித்துப் பலன் கண்ட வழி ஒன்று இருக்கிறது, கேட்டால் நம்பமாட்டீர்கள்: நடப்பது. எனக்கும் கோபம்தான் வந்தது. எழுந்து உட்கார முடியாதவளை நடக்கச் சொல்கிறார்களே என்று. ஆனால் படுத்தே கிடந்தால் தசை கரைகிறது, கரைந்த தசைக்குச் சின்ன வேலையும் பெரிய வேலையாகிறது, அசதி இன்னும் ஏறுகிறது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்த அளவு. எங்கள் தெருவில் மின்கம்பத்தை எண்ணி நடந்தேன். முதல் வாரம் ஒரு கம்பம். என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். கால் நடுங்கினால் அங்கேயே விரித்து உட்காரவைப்பார். தெருவே பார்க்கும். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், நாற்காலியை மடக்கி மறுபடி தோளில் மாட்டிக்கொள்வார். இரண்டாவது மாதம் ஆறு கம்பம் நடந்தேன். கூட்டத்தில் அவர் இருக்கிறார். இதைச் சொல்லவேண்டாம் என்று காலையில் கேட்டுக்கொண்டார். மன்னிக்கவேண்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மிச்சமிருக்கும் தெம்பை எப்படிச் செலவு செய்வது என்பது அடுத்த கேள்வி. கோடையில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில் வளர்ந்தவள் நான். இரண்டு குடம்தான் கிடைத்தது என்றால் அம்மா முதலில் குடிக்க எடுத்துவைப்பார், பிறகு உலைக்கு, மீதியில்தான் மற்றதெல்லாம். அன்றைக்கு வாசல் கழுவமாட்டார். தெம்பையும் அப்படித்தான் நான் பிரித்தேன். குளிப்பது, சாப்பிடுவது, நடப்பது, பேரனுக்கு ஒரு கதை. வாசலில் கோலம் இல்லையே என்று அக்கம்பக்கம் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டேன். பெண்களுக்கு இது கடினம் என்று தெரியும். கட்டிலில் கிடந்தபடியே அடுப்பில் பால் பொங்குகிறதா என்று காது வைத்துக் கேட்கிறவர்கள் நாம். ஆறு மாதத்துக்கு அந்தப் பால் பொங்கி வழியட்டும். வீட்டில் இருக்கிற ஆண்களும் பிள்ளைகளும் துடைக்கட்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கி வருகிறீர்கள், அந்த அன்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் உறவில் யார் யாருக்கு இந்த நோய் வந்தது என்று சொல்லாதீர்கள். பத்து நிமிடம் போதும். போகும்போது காயப்போட்ட துணியை எடுத்து மடித்துவைத்துவிட்டுப் போனால் அதை வாழ்நாளுக்கும் மறக்கமாட்டோம். இன்னொன்று, "தைரியமா இருங்க" என்ற சொல். நல்ல மனதோடு சொல்கிறீர்கள். ஆனால் அதைக் கேட்டவுடன் நோயாளி வாயை மூடிக்கொள்கிறார். தைரியமாக இருப்பவர் எரிகிறது என்று எப்படிச் சொல்வார்? அதற்குப் பதில் என் மகள் ஒரு கேள்வி கேட்பாள். தினம் ராத்திரி போனில், "அம்மா, இன்னைக்கு எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" கஷ்டமாக இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. எந்த நேரம் என்று கேட்டாள். கஷ்டம் இருந்தது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. 'இல்லை' என்று சொல்லித் தப்பிக்க அதில் வழி இல்லை. மூன்றாம் நாள் நான் அழுதேன். நான்காம் நாளிலிருந்து அவளுக்குச் சொல்வதற்காகவே பகலில் உடம்பைக் கவனித்தேன்.

ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வார்டில் நான் பார்த்தவரை, அதிகம் மறைத்தவர்கள் அவர்கள்தான். மனைவி பக்கத்தில் நிற்கும்வரை "ஒண்ணுமில்ல" என்பார்கள். அவர் டீ வாங்கப் போன இடைவெளியில்தான் சிஸ்டரைக் கூப்பிடுவார்கள். அந்த மனைவிமார்களுக்கு அது தெரியும். நடைபாதைத் திருப்பத்தில் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்கள்.

போன மாதம் சோதனைக்குப் போயிருந்தேன். அதே மருத்துவமனை, அதே சிஸ்டர். கூட்டம் நிறைய இருந்தது, அவர் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "கால் எப்படி இருக்கு டீச்சர்?" என்றார்.

"வலது கால்ல சுண்டு விரலும் அதுக்கு அடுத்த விரலும் மதமதப்பாதான் இருக்கு. ராத்திரி எரிச்சல் ரூபாய்க்கு நாலணா. இடது கால் பரவாயில்லை."

"நிஜமாவே பரவாயில்லையா?"

செருப்பைக் கழற்றிவிட்டு, இடது பாதத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். கல் தளம் குளிர்ந்திருந்தது. "ஆமா" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.